தான்சானியாவில் தளம் போடும் மகளுக்கு

ஸ்டெல்லா,

"இன்னும் ரெண்டு மாசம் இருந்துட்டு வாரேம்மா, திட்டாத" என்று செவ்வாய்க்கிழமை நீ அனுப்பிய வரியைப் படித்ததிலிருந்து உன்னைத் திட்டிக்கொண்டேதான் இருக்கிறேன். ஆட்டுக்குத் தண்ணீர் வைக்கும்போது திட்டினேன். ரேஷன் கடை வரிசையில் நின்று திட்டினேன். உன் அப்பா, "ஆடு என்ன பண்ணுச்சு, பாவம், அது மூஞ்சியப் பாத்துத் திட்டுற" என்று அன்றைக்குக் கேட்டார். போனில் திட்டலாம் என்றால் நாலாவது வார்த்தையிலேயே உனக்கு நெட்வொர்க் போய்விடுகிறது. அது எப்படித்தான் நான் திட்டும்போது மட்டும் போகிறதோ. அதனால் தாளில் எழுதுகிறேன். பக்கம் பக்கமாகப் போட்டோ எடுத்து அனுப்புவேன். பேனா பிடித்தால் எனக்குப் பத்தாம் வகுப்புத் தமிழ்தான் வருகிறது, அதைப் பார்த்துச் சிரிக்காதே. இதில் உன்னிடம் சொல்ல வேண்டிய ஒரு காரியம் இருக்கிறது. அதற்கு வந்து சேர எனக்குக் கொஞ்சம் நேரமாகும். நீ பொறுமையாகப் படி.

மூன்று மாதத்துக்கு முன்னால் நீ லீவு போட்டுவிட்டு வந்து, "தான்சானியான்னு ஒரு நாடு, அங்க ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடத்துல பொம்பளப் புள்ளைங்க வெளையாட எடமில்ல, நாங்க பத்துப் பேரு போயி கோர்ட்டு கட்டப் போறோம்" என்று சொன்னபோது எனக்கு முதலில் வழக்கு நடக்கிற கோர்ட்டுதான் தோன்றியது. வலைப்பந்து ஆடுகிற தளம் என்று நீ விளக்கினாய். கான்கிரீட் போட வேண்டுமாம். யார் போடுவார்கள் என்று கேட்டேன். "நாங்கதாம்மா." சம்பளம் உண்டா என்று கேட்டேன். இல்லையாம். டிக்கெட் யார் எடுப்பார்கள் என்று கேட்டேன். நீதானாம். நான் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

உனக்கே தெரியும், நான் இருபத்திரண்டு வருஷம் சித்தாள் வேலை பார்த்தவள். ஆவூரிலிருந்து காலையில் முதல் பஸ்ஸைப் பிடித்து கீரனூர், இலுப்பூர், புதுக்கோட்டை என்று எங்கே தளம் போடுகிறார்களோ அங்கே போய் நின்றவள். தலையில் சும்மாட்டைச் சுருட்டி வைத்து, அதன்மேல் கலவைச் சட்டியை ஏற்றி, ஏணியில் ஏறி இறங்கி இந்த முழங்கால் தேய்ந்தது. உன் அப்பா குவைத்தில் வண்டி ஓட்டினார். அவர் அனுப்பியது வீட்டுக்கு, நான் தூக்கியது உன் படிப்புக்கு என்று நாங்கள் பேசி வைத்திருந்தோம். நீ கலவைச் சட்டி தூக்கக் கூடாது என்பதற்காக நான் தூக்கினேன். நீயோ படித்து, சென்னையில் ஏசி ரூமில் வேலை வாங்கி, அந்த வேலைக்கு லீவு போட்டுவிட்டு, சொந்தக் காசில் விமானம் ஏறிப் போய்க் கலவைச் சட்டி தூக்குகிறாய். இதற்கு நான் சிரிக்கவா அழவா என்று நீயே சொல்.

மணப்பாறை மாப்பிள்ளை வீட்டார் வந்திருந்தார்கள் என்று சொன்னேன் அல்லவா. அந்தம்மா, "பொண்ணு இப்ப எங்க இருக்காங்க?" என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் உன் அப்பா, "ஆப்பிரிக்காவுல கான்கிரீட் போடுதுங்க" என்று பெருமையாகச் சொல்லிவிட்டார். அவர்கள் காபியைக் குடித்துவிட்டு எழுந்து போனவர்கள்தான், இன்றுவரை ஒரு போன் இல்லை. போகட்டும். கான்கிரீட் என்றதும் எழுந்து ஓடுகிற குடும்பம் நமக்கு வேண்டாம். ஆனாலும் உன் அப்பாவின் வாயை நான் சும்மா விடவில்லை.

திருச்சி ஏர்போர்ட்டில் நீ உள்ளே போகும்போது காட்டிய கையைப் பார்த்து நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அது கோபம் என்று நினைத்திருப்பாய். கோபம்தான். ஆனால் பார்க்கிங்கில் உன் அப்பா ஓட்டுகிற குட்டியானை லோடு வண்டியில் ஏறி உட்கார்ந்ததும் உன் அப்பாவிடம், "கையுறை எடுத்து வச்சாளா? சிமெண்டு கைய அரிச்சிரும்" என்று கேட்டேன். "நீதான் அவ போறதே பிடிக்கலைன்னே" என்றார். பிடிக்காதது வேறு, கை அரிப்பது வேறு.

நீ போய்ப் பதினைந்து நாள் கழித்து ஒரு மத்தியானம் அழுதுகொண்டே கூப்பிட்டாய். பாதித் தளம் போட்டீர்களாம், மூன்றாம் நாளே குறுக்கும் நெடுக்கும் விரிசல் விட்டுவிட்டதாம். வீடியோவைத் திருப்பிக் காட்டினாய். மண்ணைப் பார்த்தால் நம்ம ஊர்ச் செம்மண்ணேதான், நார்த்தாமலைப் பக்கம் வெட்டி எடுத்துக்கொண்டு போய்க் கொட்டியது போல. அந்த மண்ணில், உச்சி வெயிலில், நடுவில் ஒரு இடைவெளி விடாமல், கோயில் சப்பரம் போகிற தெரு மாதிரி ஒரே நீளமாகப் போட்டு வைத்திருக்கிறீர்கள். தண்ணீர் விட்டீர்களா என்று கேட்டேன். "சாயங்காலம் லேசா தெளிச்சோம்மா" என்றாய். தெளித்தீர்களாம். வாசலுக்கா தெளிக்கிறீர்கள்?

அப்போதுதான் உன் தோளுக்குப் பின்னால் ஒரு ஆள் கையைக் கட்டிக்கொண்டு நின்றதைப் பார்த்தேன். ஒல்லியாக, என் வயது இருக்கும். அந்த விரிசலை அவர் பார்த்த பார்வை எனக்குத் தெரிந்த பார்வை. எந்த சைட்டில் என்ஜினியர் தப்புப் பண்ணினாலும் எங்கள் கொத்தனார் ஐயா பார்ப்பாரே, அதே பார்வை. யார் அது என்று கேட்டேன்.

"அவரு ஜுமா. இந்த ஊருக் கொத்தனாரு. இங்க ஃபுண்டின்னு சொல்லுவாங்க."

"அவரு என்ன சொன்னாரு?"

"என்னமோ சொன்னாரும்மா மொத நாளே. அவருக்கு இங்கிலீஷ் வராது. எங்க லீடர்கிட்ட பிளான் ஷீட் இருந்துச்சு, அதப் பாத்துப் போட்டோம்."

"ஏன்டி, சிமெண்டுக்கு மட்டும் இங்கிலீஷ் தெரியுமா?"

நீ அழுகையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாய். நான் போனை அவரிடம் கொடுக்கச் சொன்னேன். அவருக்குத் தமிழ் தெரியாது, எனக்கு அவர் பாஷை தெரியாது. நான் தரையில் உட்கார்ந்து, சாக்பீஸால் சிமெண்டுத் தரையில் கட்டம் கட்டமாகக் கோடு போட்டேன். ஒரு கட்டத்தைக் கையால் மூடி, அடுத்ததை விட்டு, அதற்கடுத்ததை மூடி, ஒன்றுவிட்டு ஒன்றாகத்தான் போட வேண்டும் என்று காட்டினேன். அவர் ஒரு கத்து கத்தினார் பார். பிறகு குனிந்து ஒரு குச்சியை எடுத்து, அந்தச் செம்மண்ணில் அதே கட்டங்களை அதே மாதிரி போட்டு, ஒன்றுவிட்டு ஒன்றைக் குச்சியால் குத்திக் காட்டினார். அவர் முதல் நாள் சொன்னது அதைத்தான் என்று எனக்குப் புரிந்தது. நான் உள்ளங்கையை லேசாகச் சாய்த்துக் காட்டினேன், தண்ணீர் வழிந்து போக வாட்டம் வேண்டும் என்று. அவர் தலையாட்டிவிட்டு, தன் கையை என்னைவிட இன்னும் கொஞ்சம் கூடச் சாய்த்தார். அங்கே மழை பலமாம். பிறகு அவர் "மாஜி, மாஜி" என்றார். நீ பக்கத்திலிருந்து, "தண்ணியாம்மா" என்றாய். "அதத்தான்டி நானும் சொல்றேன்" என்றேன். அரை மணி நேரம் பேசினோம். நீங்கள் பத்துப் பேரும் பக்கத்தில் நின்று வேடிக்கை பார்த்தீர்கள். என் வாழ்நாளில் ஒரு கொத்தனார் என்னிடம் யோசனை கேட்டு நின்றது அதுதான் முதல் தடவை.

பிறகு உடைத்துவிட்டுத் திரும்பப் போட்டீர்கள். கட்டம் கட்டமாக, காலை வெயில் ஏறுவதற்குள். ஒவ்வொரு கட்டம் முடிந்ததும் நனைத்த சாக்கைப் போட்டு மூடினீர்கள், பிறகு வரப்புக் கட்டி ஏழு நாள் தண்ணீர் நிறுத்தினீர்கள். அந்த ஏழு நாளும் நான் தினமும் கூப்பிட்டு, "தண்ணி நிக்கிதா?" என்று கேட்டேன். "சாப்பிட்டியான்னு கேளும்மா" என்றாய் ஒரு நாள். நீ சாப்பிடாவிட்டால் உனக்கு ஒரு வேளை போகும், தளத்துக்குத் தண்ணீர் இல்லாவிட்டால் திரும்ப உடைக்க வேண்டும். அதைச் சொன்னதற்கு நீ கோபித்துக்கொண்டாய்.

தளம் நின்றது. ஒரு மயிரிழை விரிசல்கூட இல்லை. வெள்ளைக் கோடு போட்டு, கம்பம் நட்டு, அந்தப் பிள்ளைகள் வெறுங்காலோடு ஓடி ஆடிய வீடியோவை நீ அனுப்பினாய். உன் அப்பா அதை டீக்கடை, முடிவெட்டுகிற கடை, ஆவூர்க் கோயில் வாசல் என்று ஊர் முழுக்கக் காட்டிவிட்டு வந்தார். அதில் நீ விசில் ஊதிக்கொண்டு ஓரமாக ஓடுகிறாய். அந்த ஓட்டத்தைப் பார்த்ததும் நான் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டேன். ஏன் என்பதைச் சொல்கிறேன். அதற்கு முன்னால் இன்னொன்று.

உங்களைக் கூட்டிப்போன அமைப்புக்காரர்கள் போட்டார்களே ஒரு படம், நீங்கள் பத்துப் பேரும் மண்வெட்டியைத் தோளில் வைத்துச் சிரிக்கிற படம். அதில் ஜுமா எங்கேடி? பெரிதாக்கிப் பெரிதாக்கித் தேடினேன். ஒரு மூலையில் முழங்கை மட்டும் தெரிகிறது. ஆற்றிலிருந்து குடம் குடமாகத் தண்ணீர் தூக்கிவந்து கொட்டிய பெண்கள், வீடியோவில் உன் பின்னால் வரிசையாகப் போனார்களே, அவர்கள் ஒருவர்கூட இல்லை. அந்தப் பெண்களின் பெயர் உனக்குத் தெரியுமா? கேட்டாயா? இருபத்திரண்டு வருஷத்தில் என்னிடம் பெயர் கேட்ட வீட்டுக்காரர் யாரும் கிடையாது. "ஏ சித்தாளு, இங்கிட்டு வா", "அந்தச் சித்தாளைக் கூப்பிடு", அவ்வளவுதான். அந்த மாடிகளில் இன்றைக்கும் துணி காய்கிறது. என் மகள் இருக்கிற இடத்திலும் அப்படி நடந்தால் எனக்கு ஆறாது. இன்னொரு படம் எடு. ஜுமாவை நடுவில் நிற்க வை. தண்ணீர் தூக்கிய பெண்களை முன்னால் உட்கார வை. நீங்கள் பத்துப் பேரும் பின்னால் நில்லுங்கள், உயரமாகத்தானே இருக்கிறீர்கள்.

இப்போது அந்தக் காரியத்துக்கு வருகிறேன். பேனாவை வைத்துவிட்டு ஒரு தடவை எழுந்து போய் ஆட்டைப் பார்த்துவிட்டு வந்தேன். ஆடு நன்றாகத்தான் இருக்கிறது.

போன ஞாயிறு பூசை முடிந்து வெளியே வந்ததும் நம் தெரு சகாயமேரி டீச்சர் என்னை நிறுத்தினார். உங்கள் அமைப்பு உன்னைப் பேச வைத்து ஒரு வீடியோ போட்டிருக்கிறதாமே, அதைக் காட்டினார். நீ அந்தத் தளத்தின் மேல் நின்று இங்கிலீஷில் பேசுகிறாய். எனக்கு "ஸ்கூல்", "அம்மா" இரண்டும்தான் புரிந்தன. என்ன பேசுகிறாள் என்று கேட்டேன். டீச்சர் நிறுத்தி நிறுத்திச் சொன்னார்.

"பள்ளிக்கூடத்துல படிக்கும்போது வாலிபால் ஆடுவாளாம். விளையாட்டு விடுதிக்கு ஆள் எடுத்தப்ப இவள எடுக்கலையாம். ஒனக்கு அவ்வளவு தெறமை இல்லைன்னு அன்னைக்கு மனசுல பதிஞ்சு போச்சாம். அப்புறம் எதுல எறங்குனாலும், நாம அவ்வளவு நல்லா செய்ய மாட்டோம்னு தோணுமாம். அதனாலதான் இங்க வந்தேன், இந்தக் கோர்ட்டுல ஆடுறதுக்கு யாரும் யாரையும் தேர்ந்தெடுக்க வேண்டாம்னு சொல்றா. எவ்வளவு அழகாப் பேசுறா பாருங்க!"

சுற்றி நின்ற நாலு பேர் கை தட்டினார்கள். ஒருத்தி என் கையைப் பிடித்து, "கொடுத்து வச்சவக்கா நீ" என்றாள். எனக்கு அந்த இடத்தில் நிற்க முடியவில்லை. தலை சுற்றுகிறது என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

ஸ்டெல்லா, உன்னை எடுத்தார்கள்.

நீ தேர்வாகியிருந்தாய். எட்டாம் வகுப்பில், புதுக்கோட்டையில் நடந்த தேர்வில், உன் பள்ளிக்கூடத்திலிருந்து போன ஆறு பேரில் உன்னை மட்டும்தான் எடுத்தார்கள். உன் பி.டி. டீச்சர் வீட்டுக்கு வந்து பார்த்து, பூட்டியிருக்க, அக்கம்பக்கத்தில் விசாரித்துக்கொண்டு கீரனூரில் நான் வேலை செய்த சைட்டுக்கே வந்துவிட்டார். அன்றைக்கு ஒரு வீட்டுக்கு மாடித் தளம் போட்டுக்கொண்டிருந்தோம். நான் ஏணியில் பாதி ஏறியிருந்தேன். கீழே நின்று, "ஸ்டெல்லா அம்மா! ஒங்க பொண்ணு செலக்ட் ஆயிட்டா!" என்று கத்தினார். மேலே இருந்த ஆட்கள் எல்லாம் எட்டிப் பார்த்தார்கள். நான் சட்டியைக் கொட்டிவிட்டு இறங்கி வந்தேன். அவர் ஒரு தாளை நீட்டினார். பெற்றோர் கையெழுத்து போட வேண்டிய தாள். உன் பெயர் டைப் அடித்திருந்தது.

நான் முடியாது என்றேன்.

"ஏங்க?" என்றார் அவர். "சாப்பாடு, படிப்பு எல்லாம் அவங்களே பாத்துக்குவாங்க. நீங்க ஒண்ணும் செலவழிக்க வேண்டாம்."

"அவ அப்பா ஊர்ல இல்லைங்க டீச்சர். வயசுக்கு வாரப் புள்ள. கால்சட்டை போட்டுக்கிட்டு ஊர் ஊராப் போனா நாளைக்கு நாலு பேரு பேசுவாங்க."

"அவங்கப்பாகிட்ட நான் பேசுறேன், நம்பர் குடுங்க."

"வேண்டாங்க. அவகிட்ட எடுக்கலைன்னு சொல்லிருங்க."

அந்த அம்மாவுக்கு முகம் சிவந்துவிட்டது. "பொய்யெல்லாம் நான் சொல்ல மாட்டேங்க. அவ எவ்வளவு ஒழைச்சிருக்கான்னு ஒங்களுக்குத் தெரியாது. வேணும்னா நீங்களே ஒங்க வாயால சொல்லிக்குங்க" என்று தாளை என் கையில் திணித்துவிட்டுப் போய்விட்டார். மேலே இருந்து மேஸ்திரி சத்தம் போட்டார், கலவை இறுகுகிறது என்று. நான் சட்டியை நிரப்பித் தலையில் ஏற்றினேன். தாள் கையில்தான் இருந்தது. மேலே போய்க் கலவையைக் கொட்டும்போது, தாளையும் அதோடு சேர்த்துக் கம்பிகளுக்கு நடுவில் போட்டுவிட்டேன். கொத்தனார் அதன்மேல் மட்டப்பலகையை இழுத்தார். அவ்வளவுதான், போய்விட்டது. அந்த வீட்டு மாடிக்குள் உன் பெயர் இருக்கிறது.

சாயங்காலம் நீ வாசலிலேயே நின்றாய். "டீச்சர் வந்தாங்களாம்மா?" என்று கேட்டாய். வந்தார்கள், உன்னை எடுக்கவில்லையாம் என்று சொன்னேன். நீ அழவில்லை. "யார எடுத்தாங்களாம்?" என்று மட்டும் கேட்டாய். தெரியாது என்றேன். அடுத்த நாள் உன் கேன்வாஸ் ஷூவைத் துவைத்துக் காயவைத்து, பின்தெரு ரோஸியிடம் கொடுத்துவிட்டு வந்தாய். அந்த டீச்சரைப் பார்த்து நீ ஒன்றும் கேட்கவில்லை, அவமானமாக இருந்திருக்கும். ஜூன் மாதம் அவருக்கு மாறுதல் வந்தது. எல்லாம் எனக்குச் சாதகமாகவே முடிந்தது.

ஊர் பேசும் என்று நான் டீச்சரிடம் சொன்னது ஒரு சாக்கு. அது உண்மையும்கூட, ஊர் பேசித்தான் இருக்கும். ஆனால் அதற்காக நான் மறுக்கவில்லை. உன் அப்பா குவைத்துக்குப் போய் அப்போது ஆறு வருஷம். வேலை முடிந்து பஸ்ஸை விட்டு இறங்கி நடந்து வரும்போது, வீட்டில் விளக்கெரியும், நீ சோறு வடித்து வைத்திருப்பாய், "அம்மா, முதுகுல சிமெண்டு" என்று துடைத்துவிடுவாய். நீ போய்விட்டால் அந்த வீட்டுக்குள் நான் எப்படி நுழைவது என்று அந்த ஏணியின் கீழே நின்றபோது எனக்குத் தோன்றியது. அது ஒன்று. இன்னொன்றும் இருக்கிறது, அதையும் எழுதிவிடுகிறேன். டீச்சர் கத்தியதும் மேலே இருந்த ஆட்கள் எல்லோரும் என்னைப் பார்த்தார்களே, அப்போது எனக்குச் சந்தோஷம் வரவில்லை. எரிச்சல் வந்தது. நான் மேலே போவது கலவைச் சட்டியோடுதான், இவளுக்கு மட்டும் பதிமூன்று வயதிலேயே கதவு திறக்கிறதே என்று. பெற்ற பிள்ளைமேல் அப்படி ஒரு எரிச்சல் வருமா என்று நீ கேட்பாய். வந்தது. ஒரு நிமிஷம்தான் இருந்தது, ஆனால் அந்த ஒரு நிமிஷத்தில்தான் நான் முடியாது என்றேன்.

பதினாறு வருஷமாக உன்னிடம் சொல்லாததற்குக் காரணம் கேட்டால், நீ மறந்துவிட்டாய் என்று நினைத்தேன். நன்றாகப் படித்தாய், நல்ல வேலைக்குப் போனாய். விளையாட்டுக்குப் போயிருந்தால் இதெல்லாம் நடந்திருக்குமா என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். நீ பிளஸ் டூவில் பள்ளிக்கூடத்திலேயே முதலாவதாக வந்தபோது, "எனக்கு அவ்வளவு மூளை இல்லம்மா, பேப்பர் ஈசியா வந்துருச்சு" என்றாய். வேலை கிடைத்தபோது, "தப்பா என்னைக் கூப்பிட்டுட்டாங்களோ" என்றாய். அடக்கமான பிள்ளை என்று நான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டேன். அது எங்கிருந்து வந்தது என்று போன ஞாயிறுதான், கோயில் வாசலில், அடுத்தவள் வாயால் தெரிந்துகொண்டேன்.

செவ்வாய்க்கிழமை உன் செய்தி வந்ததும், புதன்கிழமை நான் விராலிமலைக்குப் போனேன். உன் பி.டி. டீச்சர் ரிட்டையர்டு ஆகி அங்கேதான் இருக்கிறார் என்று கேள்விப்பட்டிருந்தேன். உன் அப்பாவிடம் முழங்காலுக்கு டாக்டரைப் பார்க்கப் போகிறேன் என்றேன், அதுவும் ஒரு பொய். டீச்சர் வாசலில் செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துகொண்டார். உட்காரச் சொல்லவில்லை.

"வீடியோவப் பாத்தேன்" என்றார். "பழைய ஸ்டூடண்ட் ஒருத்தி அனுப்புனா."

"அதுக்குத்தாங்க வந்தேன். எனக்கு என்ன பண்றதுன்னு தெரியலை, டீச்சர்."

"எங்கிட்ட ஏன் வந்தீங்க? நான் என்ன பண்ணணும்? 'அது பெரிய தப்பில்லை, வீட்டுக்குப் போங்க'ன்னு சொல்லணுமா?"

அதற்குத்தான் போயிருந்தேன் போலிருக்கிறது.

அவர் குழாயை மூடினார். "அன்னைக்கு ஒங்க மேல உள்ள கோபத்துல நானும் அவகிட்ட சொல்லாம விட்டுட்டேன். அம்மாவுக்கும் பொண்ணுக்கும் நடுவுல நாம எதுக்குன்னு ஒதுங்கிக்கிட்டேன். டிரான்ஸ்ஃபர் வந்ததும் நிம்மதியா இருந்துச்சு. அது ஏந் தப்பு, அதை நான் அவகிட்டப் பேசிக்கிறேன். ஆனா மொதல்ல நீங்க சொல்லணும். நான் சொல்லி அவ தெரிஞ்சுக்கக் கூடாது. நான் ஒரு வாரம் பொறுத்திருப்பேன், அதுக்கு மேல முடியாதுங்க."

கிளம்பும்போது ஒன்று கேட்டேன். "அவ நெசமாவே நல்லா ஆடுனாளா, டீச்சர்?"

அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். "நீங்க ஒரு தடவைகூட வந்து பாத்ததில்லையா?" என்றார்.

இல்லை, ஸ்டெல்லா. ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. எனக்கு ஞாயிற்றுக்கிழமையும் வேலை இருந்தது என்று சொல்லலாம், இருந்தது. ஆனால் ஒரு நாளாவது வந்திருக்கலாம். விராலிமலையிலிருந்து வரும் பஸ்ஸில் முழுக்க அதையேதான் நினைத்துக்கொண்டு வந்தேன். வீட்டுக்கு வந்து உன் அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். குவைத்திலிருந்து வாராவாரம் பேசிய மனிதரிடம்கூட இதை நான் சொன்னதில்லை. அவர் கேட்டுவிட்டு எழுந்து போய் வண்டியைத் துடைத்தார், துடைத்த வண்டியையே திரும்பத் துடைத்தார். ராத்திரிச் சாப்பாட்டுக்கு உட்காரும்போதுதான், "எங்கிட்டக் கேட்டிருந்தா நான் சரின்னு சொல்லிருப்பேனே" என்றார். இன்றுவரை சரியாகப் பேசவில்லை. பேசட்டும் பேசாமல் போகட்டும், அது எங்கள் பாடு. நீ அதற்காக அவரைச் சமாதானம் பண்ணப் போகாதே.

இன்னும் இரண்டு மாதம் இருக்கிறேன் என்றாயே, இரு. பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கும் தளம் கேட்கிறார்கள் என்றால் போட்டுக் கொடுத்துவிட்டு வா. இந்த முறை பிளான் ஷீட்டை ஜுமாவின் கையில் முதலில் கொடு. அவர் வேண்டாம் என்று தலையாட்டினால், அந்த இடத்தில் ஒரு சட்டி கலவைகூடக் கொட்டாதே. ஆபீஸில் என்ன சொல்வார்கள், இனி வருகிற மாப்பிள்ளை வீட்டார் என்ன சொல்வார்கள் என்பதையெல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன். அன்றைக்கு ஊர் பேசும் என்று சாக்குச் சொல்லி உன்னைப் பிடித்து வைத்தவள், இப்போது ஊருக்குப் பதில் சொல்கிற வேலையையாவது செய்கிறேன்.

உன் வாழ்க்கை அப்படிப் போயிருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியாது. இதைவிட நன்றாக இருந்திருக்கும் என்றும் சொல்ல மாட்டேன், மோசமாக இருந்திருக்கும் என்றும் சொல்ல மாட்டேன். இரண்டு பக்கமும் நான் பதினாறு வருஷம் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டேன், அது என்னைக் காப்பாற்றிக்கொள்ளப் போட்ட கணக்கு. ஒன்று மட்டும் எனக்குத் தெரியும். உனக்குத் திறமை இல்லை என்று உன்னிடம் வேறு யாரும் சொல்லவில்லை. நான்தான் சொன்னேன், அதுவும் பொய்யாகச் சொன்னேன். அந்த வீடியோவில் நீ சொன்ன அந்த வரியை இனிமேல் யாரிடமும் சொல்லாதே. அது உண்மையில்லை.

இதைப் போனில் சொல்லியிருக்கலாம். சொன்னால் நீ என்ன செய்வாய் என்று எனக்குத் தெரியும். "பரவால்லம்மா, விடு" என்பாய். எட்டாம் வகுப்பிலும் அப்படித்தான் விட்டாய். அந்த "பரவால்ல"வுக்குப் பயந்துதான் இவ்வளவு நீளமாக எழுதினேன். எனக்கு அது வேண்டாம். இந்த ஞாயிறு நான் கூப்பிட மாட்டேன், அடுத்த ஞாயிறும் கூப்பிட மாட்டேன். உனக்கு எப்போது பேச வருகிறதோ அப்போது பேசு. அழவேண்டுமென்றால் அழு, கத்த வேண்டுமென்றால் கத்து, நாலு மாதம் பேசாமல் இருக்க வேண்டுமென்றால் இரு. நீ கூப்பிட்டுத் திட்ட ஆரம்பித்தால், என் பக்கம் நெட்வொர்க் எவ்வளவு மோசமாக இருந்தாலும், மாடிப்படியில் ஏறி நின்றாவது முழுசாகக் கேட்பேன்.

உன் அம்மா